யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் பந்தயம்: விலையைப் படிப்பது முதல் கடைசிப் புள்ளி வரை

2025 மே 17, சுவிட்சர்லாந்தின் பாசல் நகரம். பெரும்பாலும் ஐரோப்பிய நாடுகள் தலா ஒரு பாட்டோடு மோதும் யூரோவிஷனின் இறுதிச்சுற்று தொடங்கும்போது பந்தயப் பட்டியலின் உச்சியில் இருந்தது ஸ்வீடன். நீராவிக் குளியலைப் பற்றித் துள்ளலாகப் பாடிய கே.ஏ.ஜே. குழுதான் வெல்லும் என்று பெரும்பணம் சொன்னது. முடிவில் ஸ்வீடனுக்கு 321 புள்ளிகள், நான்காம் இடம். ஆஸ்திரியாவின் ஜேஜே 436 புள்ளிகளோடு வென்றார். அதற்கு முந்தைய ஆண்டு மால்மோவிலும் பந்தயச் சந்தை கை காட்டியது குரோஷியாவின் பேபி லசான்யாவை. கோப்பை போனது சுவிட்சர்லாந்தின் நெமோவிடம்.

சந்தை முட்டாள் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். இரண்டு ஆண்டுகளிலும் தோற்ற பாட்டுகள் நல்ல இடத்தில்தான் முடிந்தன. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. யூரோவிஷன் என்பது ஒரே மேடையில் நடக்கும் இரண்டு தேர்தல்கள்: நடுவர்களுடையது ஒன்று, நேயர்களுடையது ஒன்று. வாக்காளர்கள் வேறு, அவர்கள் வாக்களிக்கும் நாளே வேறு. பந்தய விலையோ, அதாவது வென்றால் கட்டியது எத்தனை மடங்காகத் திரும்பும் என்பது, ஒரே ஒரு எண். அந்த எண்ணை இரண்டாகப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு மட்டுமே இந்தப் பந்தயத்தில் ஏதாவது வேலை இருக்கிறது.

தொடங்கும் முன்: நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?

பிரிட்டனில் 18 வயது நிறைந்தவர்கள் உரிமம் பெற்ற நிறுவனங்களில் யூரோவிஷன் மீது பணம் கட்டலாம்; வென்ற பணத்துக்கு வரி கிடையாது. ஐரோப்பா முழுவதும் இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். நெதர்லாந்தில் உரிமம் பெற்ற நிறுவனங்கள் விளையாட்டுப் போட்டிகளுக்குத்தான் பந்தயம் ஏற்கலாம். பாட்டுப் போட்டி அதில் சேராது.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு விடை சுருக்கமானது: கட்டாதீர்கள். தமிழ்நாடு 2022-இல் இணையச் சூதாட்டத்தைத் தடுக்கும் சட்டத்தை இயற்றியது. 2025-இல் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்தது. வெளிநாட்டுத் தளம் என்பதால் தப்பிவிடலாம் என்று சொல்லும் விளம்பரங்களை நம்ப வேண்டாம்; போட்ட பணம் திரும்பாவிட்டால் புகார் சொல்லவும் இடமிருக்காது. ஆனால் கீழே உள்ள கணக்கை ஒரு நோட்டுப் புத்தகத்தில், பணமில்லாமல், நண்பர்களோடு போட்டுப் பார்க்க எந்தத் தடையும் இல்லை. 2023 முதல் பங்கேற்காத நாட்டு நேயர்களும் இணையத்தில் வாக்களிக்கலாம் என்பதால், சென்னையிலிருந்தும் நீங்கள் முடிவில் ஒரு துளி பங்கு வகிக்க முடியும்.

படி 1: புள்ளி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

1956-இல் லுகானோ நகரில் ஏழு நாடுகளோடு தொடங்கிய போட்டி இது; நடத்துவது ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம். இப்போது மே மாதத்தில் ஒரே வாரத்தில் மூன்று நிகழ்ச்சிகள்: செவ்வாயும் வியாழனும் அரையிறுதி, சனிக்கிழமை இறுதி. ஒவ்வோர் அரையிறுதியிலிருந்தும் பத்துப் பாட்டுகள் தேறும். போட்டியை நடத்தும் நாடும், அதிகப் பணம் கொடுக்கும் பெரிய நாடுகளும் நேரடியாக இறுதிக்கு வந்துவிடும்.

இறுதியில் ஒவ்வொரு நாடும் இரண்டு முறை புள்ளி தருகிறது: அதன் நடுவர் குழு ஒரு முறை, அதன் நேயர்கள் ஒரு முறை. இரண்டுமே 12, 10, பிறகு 8 முதல் 1 வரை. ஆகப் பத்துப் பாட்டுகளுக்கு மட்டுமே புள்ளி. பதினோராவதாக வந்தால் பூச்சியம். இந்தச் சின்ன விதிதான் பல பந்தயங்களைக் கவிழ்க்கிறது. 2025-இல் சுவிட்சர்லாந்துக்கு நடுவர்கள் 214 புள்ளிகளை அள்ளிக் கொடுத்தார்கள். நேயர்களிடமிருந்து வந்தது பூச்சியம். பாட்டு யாருக்கும் பிடிக்காமல் போகவில்லை. எந்த நாட்டிலும் முதல் பத்துக்குள் தள்ளிவிடும் அளவுக்கு யாருக்கும் அதிகமாகப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

2016-இல் இரு வகைப் புள்ளிகளையும் தனித்தனியே அறிவிக்கும் முறை வந்தது. 2023 முதல் 2025 வரை அரையிறுதியை நேயர்கள் மட்டுமே தீர்மானித்தார்கள். 2026 வியன்னா போட்டியிலிருந்து அரையிறுதிக்கும் நடுவர்கள் திரும்புகிறார்கள். ஒரு நாட்டுக்கு ஐந்து நடுவர் என்பது ஏழாகிறது. நேயர் ஒருவர் அளிக்கக்கூடிய வாக்கு 20-இலிருந்து 10 ஆகக் குறைகிறது. பழைய ஆண்டுகளின் அரையிறுதிக் கணக்கை அப்படியே எடுத்துப் புதிய ஆண்டில் பொருத்தினால் ஏமாறுவீர்கள்.

படி 2: விலையை வாய்ப்பாக மாற்றுங்கள்

தசம விலை 4 என்றால், ஒரு பவுண்டு கட்டி வென்றால் நான்கு பவுண்டு கைக்கு வரும். கட்டிய ஒன்றும் அதில் அடக்கம். பிரிட்டிஷ் பழைய முறையில் இதையே 3/1 என்று எழுதுவார்கள். ஒன்றை விலையால் வகுத்தால் வாய்ப்பு கிடைக்கும்: 1/4, அதாவது 25 சதவீதம்.

இப்போது 26 பாட்டுகள் உள்ள ஓர் இறுதியில் எல்லாவற்றின் வாய்ப்பையும் கூட்டிப் பாருங்கள். 100 வராது. ஒரு கற்பனைப் பட்டியல்: முதல் ஐந்து பாட்டுகளின் விலை 2.5, 4, 6, 8, 15. இவற்றின் வாய்ப்பைக் கூட்டினாலே ஏறத்தாழ 101 சதவீதம். மீதி 21 பாட்டுகளும் தலா 100 என்றால் இன்னொரு 21. மொத்தம் 122. கூடுதலாக உள்ள 22-தான் நிறுவனத்தின் லாபம் ஒளிந்திருக்கும் இடம். எனவே 2.5 விலையுள்ள பாட்டின் வாய்ப்பு 40 சதவீதம் என்று நினைக்கக் கூடாது, 40-ஐ 1.22-ஆல் வகுத்தால் 33 தான். மூன்றில் ஒரு முறை வெல்லும் பாட்டு, மூன்றில் இரண்டு முறை தோற்கும். முன்னணிப் பாட்டு தோற்றதும் அதிர்ச்சி என்று எழுதும் செய்திகளை இதற்குப் பிறகு நீங்கள் அமைதியாகப் படிக்கலாம்.

நிறுவனத்தோடு மோதாமல், பந்தயம் கட்டுபவர்கள் ஒருவரோடொருவர் மோதிக்கொள்ளும் சந்தையும் உண்டு. பெட்ஃபேர் எக்ஸ்சேஞ்ச் அதில் பெரியது. அங்கே கூடுதல் மிகக் குறைவு. வென்ற தொகையில் ஒரு பங்கு கமிஷனாகப் போகும். இன்னொரு வசதி, ஒரு பாட்டு வெல்லாது என்றும் கட்டலாம். விலை 2.2-இல் எதிராக 20 பவுண்டு ஏற்றால், அது தோற்கும்போது 20 பவுண்டு உங்களுக்கு. வென்றால் 24 பவுண்டு உங்கள் கையை விட்டுப் போகும். கவனம்: 50 விலையுள்ள பாட்டுக்கு எதிராக இதே 20-ஐ ஏற்றால், நீங்கள் இழக்கக்கூடியது 980.

படி 3: இரண்டு பட்டியல் எழுதுங்கள்

வழிகாட்டியின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. நேரத்தில் பாதியை இதற்கே கொடுங்கள். ஒரு தாளில் கோடு போட்டு, இடப்பக்கம் நடுவர், வலப்பக்கம் நேயர் என்று எழுதி, முதல் எட்டுப் பத்துப் பாட்டுகளை இரு பக்கமும் தனித்தனியே வரிசைப்படுத்துங்கள்.

நடுவர்கள் இசைத் துறையினர். ஒவ்வொருவரும் எல்லாப் பாட்டுகளையும் முதலிலிருந்து கடைசி வரை வரிசைப்படுத்த வேண்டும். ஏழு பேரில் மூவர் ஒரு பாட்டைத் தலையில் வைத்து, நால்வர் அடியில் தள்ளினால், அது நடுவில் சிக்கிக்கொள்ளும். 2018 முதல் முதலிடங்களுக்குக் கூடுதல் எடை தரும் கணக்கு வந்து இதன் கடுமையைக் கொஞ்சம் குறைத்தது, போக்கு மாறவில்லை. ஆகவே நடுவர் பட்டியலில் மேலே வருவது யாரும் குறை சொல்ல முடியாத பாட்டு: கடினமான சுரங்களை மேடையில் பிசிறில்லாமல் பிடிக்கும் குரல், கைதேர்ந்த இசையமைப்பு, சுத்தமான காட்சியமைப்பு. நெமோவும் ஜேஜேயும் இந்த அச்சில் வார்க்கப்பட்டவர்கள்; இருவருமே குரலை ஓபரா உயரத்துக்குக் கொண்டுபோனார்கள்.

நேயர் அப்படி வரிசைப்படுத்துவதில்லை. தனக்குப் பிடித்ததற்கு வாக்களித்துவிட்டுப் போகிறார். பிடிக்காததற்கு எதிராக வாக்களிக்க வழியே இல்லை. பத்தில் ஏழு பேர் வெறுக்கும் பாட்டும், மீதி மூவர் வெறிகொண்டு வாக்களித்தால் ஒரு நாட்டின் 12 புள்ளிகளைத் தூக்கிவிடும். அதிலும் பெரும்பாலோர் பாட்டை முதல் முறை கேட்பவர்கள். இரண்டு மணி நேரத்தில் 26 பாட்டுகள் ஓடிய பிறகு எது நினைவில் நிற்கிறது என்பதே கேள்வி. 2023-இல் பின்லாந்தின் காரியா பச்சைக் கைச்சட்டையில் வந்து 376 நேயர் புள்ளிகளை வாரினார். நடுவர்கள் கொடுத்தது 150 மட்டும். ஸ்வீடனின் லோரீன் 340 நடுவர் புள்ளிகளையும் 243 நேயர் புள்ளிகளையும் சேர்த்து 583-இல் வென்றார்.

இனி பட்டியல்களை ஒப்பிடுங்கள். 2023, 2024, 2025 மூன்று ஆண்டுகளிலும் நடுவர்களிடம் முதலிடம் பெற்றவரே கோப்பை வென்றார். நேயர்களின் முதலிடம் ஒரு முறைகூட வெல்லவில்லை. நடுவர்களின் முதலிடத்துக்கு நேயர்களும் கணிசமான புள்ளி கொடுத்ததே காரணம். இதையே சட்டமாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. 2021-இல் இத்தாலியின் மனஸ்கின் நடுவர்களிடம் நான்காவதாக இருந்து நேயர் பலத்தால் வென்றது. 2022-இல் போரின் நடுவே வந்த உக்ரைனின் கலுஷ் குழுவுக்கு நேயர்கள் 439 புள்ளிகளைக் கொடுத்தபோது நடுவர் வரிசைக்கு அர்த்தமே இல்லாமல் போனது. 2016-இல் நடுவர்களின் முதலிடம் ஆஸ்திரேலியா, நேயர்களின் முதலிடம் ரஷ்யா, இரண்டிலும் இரண்டாவதாக வந்த உக்ரைனின் ஜமாலாவுக்குக் கோப்பை. 2019-இல் நெதர்லாந்து வென்றதும் எந்தப் பக்கமும் முதலிடம் பெறாமல்தான். என் கணிப்பில், இரு பட்டியலிலும் முதல் மூன்றுக்குள் இருக்கும் பாட்டு எட்டுக்கு மேற்பட்ட விலையில் கிடைத்தால் அதுதான் பார்க்க வேண்டிய இடம்.

அண்டை நாட்டுப் பாசத்தைப் பற்றி ஒரு சொல். கிரீஸும் சைப்பிரஸும் பரிமாறிக்கொள்ளும் 12 புள்ளிகளைப் பற்றிப் பேசாத ஆண்டில்லை. வடக்கு நாடுகளும் பால்கன் நாடுகளும் அப்படியே. இது கோப்பையைத் தீர்மானிப்பதில்லை. அதற்கு எல்லாத் திசையிலிருந்தும் புள்ளி வேண்டும். முதல் பத்துக்குள் வருவது, அரையிறுதியில் தேறுவது போன்ற பந்தயங்களில் மட்டும் கணக்கில் எடுங்கள். எந்த அரையிறுதியில் எந்த நாடுகள் வாக்களிக்கின்றன என்பது மாதங்களுக்கு முன்பே குலுக்கலில் தெரிந்துவிடும்.

படி 4: எப்போது கட்டுவது?

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நாடுகள் தங்கள் பாட்டைத் தேர்ந்தெடுக்கும். இத்தாலியின் சான்ரெமோ விழா, ஸ்வீடனின் மெலொடிஃபெஸ்டிவாலன் ஆகியவற்றின் முடிவுகளுக்கு விலை உடனே ஆடும். இக்காலத்துப் பணம் பெரும்பாலும் ரசிகர்களுடையது. ஒரே பாட்டை ஐம்பது முறை கேட்டவர்களின் தீர்ப்பு. 2017-இல் கொரில்லா வேடமிட்டவரோடு ஆடிய இத்தாலியின் ஃபிரான்செஸ்கோ கப்பானி மாதக்கணக்கில் முன்னணியில் இருந்து கடைசியில் ஆறாவதாக முடிந்தார். வென்றது போர்ச்சுகலின் சல்வடோர் சொப்ரால், 758 புள்ளிகளோடு. உடல்நலக் குறைவால் முதல் ஒத்திகைகளுக்கு அவர் வரவேயில்லை. அவருடைய சகோதரிதான் நின்று பாடினார்.

மே மாத ஒத்திகைகளில் இரண்டாவது ஆட்டம். இசைத்தட்டில் நன்றாக இருந்த குரல் மேடையில் தடுமாறலாம். சாதாரணப் பாட்டு வெளிச்சத்திலும் நடனத்திலும் பத்து மடங்காகலாம். 2018-இல் லிஸ்பன் ஒத்திகைகளைப் பார்த்த பிறகு சைப்பிரஸின் எலெனி ஃபுரேரா சட்டென உச்சிக்கு ஏறினார். அவர் இரண்டாமிடம்; மார்ச்சில் முன்னணியில் இருந்த இஸ்ரேலின் நெட்டாதான் வென்றார். ஒத்திகைச் செய்தி பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும், ஆனால் சந்தை அதற்குக் கொடுக்கும் மதிப்பு மிகையாக இருக்கும் என்பது இதில் கற்க வேண்டியது.

முன்கூட்டிக் கட்டியவர்களுக்கு மே மாதம் இன்னொரு வாய்ப்பு தருகிறது. மார்ச்சில் 15 விலைக்கு 10 பவுண்டு கட்டியிருந்தீர்கள். விலை 3-க்கு இறங்கிவிட்டது. இப்போது எக்ஸ்சேஞ்சில் அதே பாட்டுக்கு எதிராக 50 பவுண்டு ஏற்றால், அது வென்றால் 140-இல் 100 போய் 40 மிச்சம். தோற்றால் 50-இல் 10 போய் 40 மிச்சம். கமிஷன் தவிர, யார் வென்றாலும் 40. கோப்பையைச் சரியாகச் சொல்வதைவிட விலை எப்படி நகரும் என்று சொல்வது எளிது. விவரமறிந்தவர்கள் பலர் இதை மட்டுமே செய்கிறார்கள்.

அரையிறுதி வாரத்தில் கசிவுகள் வரும். 2024-இல் இரண்டாம் அரையிறுதியின்போது இத்தாலியத் தொலைக்காட்சி தன் நாட்டு நேயர் வாக்கு விவரத்தைத் தவறுதலாகத் திரையில் காட்டிவிட்டது. இஸ்ரேலுக்கு 39 சதவீதத்துக்கு மேல். சில மணி நேரத்தில் இஸ்ரேலின் விலை சரிந்தது. கசிந்த தகவல் பொய்யில்லை. இறுதியில் இஸ்ரேல் 323 நேயர் புள்ளிகளோடு அந்தப் பக்கம் இரண்டாமிடம் வந்தது. நடுவர்கள் கொடுத்தது 52. மொத்தத்தில் ஐந்தாமிடம். உண்மையான செய்தியை நம்பி, தவறான பந்தயத்தில் பணம் கட்டியவர்கள் அன்று ஏராளம்.

படி 5: கோப்பையை விட்டு வெளியே பாருங்கள்

இரு பட்டியல் எழுதியவருக்கு இயல்பான இடம், நடுவர் வெற்றியாளர், நேயர் வெற்றியாளர் என்ற தனிப் பந்தயங்கள். ஒரு பக்கம் மட்டுமே பலமுள்ள பாட்டைக் கோப்பைக்குக் கட்டுவதைவிட அந்தப் பக்கத்துக்குக் கட்டுவதே அறிவு.

விலை அதிகமாக, வாய்ப்பு குறைவாக உள்ள பாட்டுகளுக்கு இரட்டைப் பந்தயம் உண்டு. பாதி வெற்றிக்கு, பாதி முதல் நான்கு இடத்துக்கு, நான்கில் ஒரு பங்கு விலையில். 20/1 பாட்டில் தலா 10 என 20 பவுண்டு போட்டு அது நான்காவதாக வந்தால், இடத்துக்கு 50-உம் கட்டிய 10-உம் சேர்த்து 60 வரும். எத்தனை இடம் வரை, என்ன பங்கு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

அரையிறுதியில் தேறும் என்று 1.10 விலையில் கட்டுவது பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். பத்துப் பாட்டுகளில் தலா 10 கட்டி ஒன்பது தேறினால் 9 பவுண்டு வரும். பத்தாவது கவிழ்ந்தால் 10 போகும். பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட பெல்ஜியம் 2024, 2025 இரண்டு ஆண்டுகளிலும் அரையிறுதியைத் தாண்டவில்லை.

பிரிட்டன் மீதான விலையைப் பிரிட்டிஷ் நிறுவனங்களில் நம்பாதீர்கள். உள்ளூர்ப் பாசத்தில் கட்டும் பணம் அதைச் செயற்கையாகக் குறைத்துவிடும். 2024, 2025 இரண்டிலும் அந்த நாட்டுக்கு நேயர் புள்ளி பூச்சியம். பாடும் வரிசையைப் பற்றியும் பேசுவார்கள். 2025 வரை இரண்டாவதாகப் பாடிய யாரும் இறுதியில் வென்றதில்லை. வரிசையைத் தயாரிப்பாளர்களே பெருமளவு தீர்மானிப்பதால், வலிமையான பாட்டை அங்கே வைப்பது அரிது என்பதே அதன் பாதிக் காரணம்.

படி 6: தொகை

இந்தப் பருவத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைப் பிப்ரவரியிலேயே ஒதுக்குங்கள். முழுதாகப் போனாலும் வீட்டுச் செலவு அசையாத தொகையாக இருக்கட்டும். ஒரு பந்தயத்தில் அதில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். தோற்றதை வியாழக்கிழமை மீட்க நினைத்துத் தொகையை இரட்டிப்பாக்கத் தோன்றினால், அன்றோடு அந்தப் பருவத்தை மூடிவிடுங்கள். பிரிட்டனில் கேம்ஸ்டாப் என்ற தன்விலக்குச் சேவையில் பதிவு செய்தால் உரிமம் பெற்ற எல்லா இணைய நிறுவனங்களிலிருந்தும் உங்களை நீங்களே விலக்கிக்கொள்ளலாம்.

தொடர்ந்து வெல்பவர்களுக்கு நிறுவனங்கள் உச்சவரம்பைக் குறைத்துவிடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பாட்டுப் போட்டி அவர்களுக்கு விளம்பரம். பெரிய தொகையை ஏற்க அவர்களுக்கு விருப்பமில்லை.

படி 7: இறுதி இரவின் கணக்கு

இறுதிச்சுற்றில் நடுவர்கள் பார்ப்பது வெள்ளிக்கிழமை மாலை ஒத்திகையை. நீங்கள் சனிக்கிழமை தொலைக்காட்சி முன் அமரும்போது பாதித் தேர்தல் முடிந்துவிட்டது. வெள்ளி மாலை யாருடைய குரல் உடைந்தது என்பது சனி இரவு யார் கலக்கினார்கள் என்பதற்குச் சமமான செய்தி.

நடுவர் புள்ளிகள் வந்த பிறகு நேயர் புள்ளிகளை, நடுவர் வரிசையில் கடைசியில் இருப்பவரிலிருந்து தொடங்கி அறிவிப்பார்கள். இங்கே எளிய கழித்தல் கைகொடுக்கும். ஒரு நாட்டு நேயர்கள் தரும் மொத்தப் புள்ளி 58. பாசலில் 37 நாடுகளும் உலகின் மற்ற பகுதிக்கான ஒரு வாக்கும் சேர்ந்து 38. 58-ஆல் பெருக்கினால் 2204. அறிவித்ததைக் கழித்துக்கொண்டே வந்தால் மீதி எவ்வளவு என்பது எப்போதும் தெரியும். அன்று கடைசியாக எஞ்சியவை சுவிட்சர்லாந்தும் ஆஸ்திரியாவும், மீதி 178. முன்னணியில் இருந்த இஸ்ரேல் 357; ஆஸ்திரியாவின் கையில் ஏற்கெனவே 258. தனித்து முந்த 100 போதும். சுவிட்சர்லாந்துக்குப் பூச்சியம் என்று சொன்ன நொடியிலேயே 178-உம் ஆஸ்திரியாவுக்குத்தான் என்பது உறுதி; மேடையில் பதற்றம் காட்டியதெல்லாம் நிகழ்ச்சிக்காக.

இதை வைத்து அந்த நொடியில் எக்ஸ்சேஞ்சில் பணம் பண்ணலாம் என்று கிளம்பாதீர்கள். அரங்கத்தில் இருப்பவர் உங்கள் திரையைவிடச் சில நொடி முன்னால் கேட்கிறார். கழித்தல் போடும் கணினி நிரல்களும் காத்திருக்கின்றன. ஏற்கெனவே கட்டியதை விற்பதா, வைத்திருப்பதா என்று முடிவெடுக்க மட்டும் கணக்கைப் பயன்படுத்துங்கள்.

பணம் வந்து சேர்வதற்கும் விதி உண்டு. 2024-இல் நெதர்லாந்தின் யூஸ்ட் கிளைன் அரையிறுதியில் தேறிய பிறகு, இறுதி நாளன்று நீக்கப்பட்டார். இப்படி நீக்கப்பட்டவர் மீது கட்டிய பணம் திரும்பி வருமா, தோற்றதாகக் கொள்ளப்படுமா என்பது நிறுவனத்தின் விதியைப் பொறுத்தது. 2019-இல் இன்னொரு விசித்திரம்: பெலாரஸ் நடுவர்களுக்குப் பதிலாகப் போட்ட கணக்கில் பிழை நேர்ந்து, நடுவர் முதலிடம் ஸ்வீடன் என்று அன்றிரவு அறிவித்தார்கள், சில நாள்களில் திருத்தியபோது அது வடக்கு மாசிடோனியா ஆனது. பெரும்பாலான நிறுவனங்கள் அன்றிரவு அறிவித்த முடிவையே எடுத்துக்கொள்ளும். உங்கள் நிறுவனம் என்ன சொல்கிறது என்பதைப் பணம் கட்டும் முன்பே படித்து, அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.